வரி 292 சதவீதம், வசூல் பூஜ்யம்: போயிங் போட்ட வழக்கில் ஏர்பஸ்ஸுக்கு விமானம் கிடைத்த கதை

2017 டிசம்பரில் அமெரிக்க வர்த்தகத் துறை ஒரு விமானத்தின் மீது 292.21 சதவீத இறக்குமதி வரியை அறிவித்தது. கனடாவின் பாம்பார்டியர் நிறுவனம் தயாரித்த ‘சி சீரிஸ்’தான் அந்த விமானம். அதில் ஒன்றுகூட அதுவரை எந்த அமெரிக்க விமான நிறுவனத்துக்கும் ஒப்படைக்கப்படவில்லை. ஐந்து வாரம் கழித்து அந்த வரி செல்லாது என்று ஆகிவிட்டது. ஆனால் இந்த வரி அறிவிப்புக்கு முன்பே, வழக்குப் போட்ட போயிங்கின் பரம வைரியான ஏர்பஸ், அந்த விமானத் திட்டத்தின் பெரும்பான்மைப் பங்கை ஒரு காசும் கொடுக்காமல் பேசி முடித்திருந்தது. இன்று ஏ220 என்ற பெயரில் பறப்பது அதே விமானம்தான்.

2025இல் அமெரிக்கா அடுத்தடுத்து வரிகளை அறிவித்தபோது, விமானங்கள் பட்டியலுக்குள் வந்தன, பிறகு வெளியேறின, சில நாடுகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. இது ஏன் இப்படி என்று குழம்பியவர்கள் சி சீரிஸ் வழக்கைப் பார்த்தால் பல முடிச்சுகள் அவிழும். அதற்கு முன் சில அடிப்படைகள்.

விமானத்துக்கு விலை எப்படி வைக்கிறார்கள்?

ஒரு புதிய பயணிகள் விமானத்தை வரைபடத்திலிருந்து ஓடுபாதைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகளும் பல நூறு கோடி டாலரும் ஆகும். முதல் விமானம் விற்பதற்கு முன்பே இந்தப் பணம் முழுவதும் செலவாகிவிடும். அதன் பிறகும் கையைக் கடிக்கும். முதல் சில டஜன் விமானங்களைக் கட்டும்போது தொழிலாளர்கள் வேலையைக் கற்றுக்கொண்டிருப்பார்கள், உதிரிபாகங்கள் விலை கூடுதலாக இருக்கும், திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். எண்ணிக்கை கூடக் கூடத்தான் ஒரு விமானத்துக்கான செலவு இறங்கும். இதைக் கற்றல் வளைவு என்கிறார்கள்.

இதனால் எந்த விமானமும் ஆரம்பத்தில் நட்டத்துக்கே விற்கப்படுகிறது. போயிங்கின் சொந்த 787 இதற்கு எடுத்துக்காட்டு. ஆரம்பகால விமானங்களைக் கட்டுவதில் ஏற்பட்ட மிகைச் செலவைப் பின்னால் விற்கப்போகும் விமானங்களின் கணக்கில் தள்ளிவைத்துக்கொண்டே வந்தது அந்த நிறுவனம். 2016 வாக்கில் அப்படித் தள்ளிவைத்த தொகை 2,800 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல் பட்டியல் விலை. செய்திகளில் ‘இத்தனை கோடி டாலர் ஒப்பந்தம்’ என்று வருவது பெரும்பாலும் இதை வைத்துப் போடும் கணக்கு. ஆடித் தள்ளுபடிக்கு முன் சேலையில் ஒட்டப்படும் விலைச்சீட்டுக்கு இருக்கும் மரியாதைதான் அதற்கும். பெரிய நிறுவனங்கள் பாதி விலைக்கோ அதற்கும் கீழோ வாங்குவது வழக்கம். புதிய விமானத்தை முதலில் நம்பி வாங்குபவருக்குத் தள்ளுபடி இன்னும் அதிகம். உண்மை விலை வாங்கியவருக்கும் விற்றவருக்கும் மட்டுமே தெரியும்.

ஆக, ‘அடக்க விலைக்குக் கீழே விற்காதே’ என்ற சட்டத்தை இந்தத் தொழிலுக்குள் கொண்டுவந்தால் யாரும் தப்ப முடியாது.

அரசுப் பணம் எந்த வழியில் வருகிறது?

தனியார் வங்கிகள் இவ்வளவு பெரிய சூதாட்டத்துக்குக் கடன் தருவது அரிது. அரசுகள்தான் கைகொடுக்கின்றன, ஒவ்வொன்றும் தன் வழியில்.

1. ஐரோப்பிய வழி: தொடக்க உதவிக் கடன். 1970இல் பிரான்சும் ஜெர்மனியும் தொடங்கிய ஏர்பஸ் இதில்தான் வளர்ந்தது. புதிய விமானத்தை உருவாக்க அரசு கடன் கொடுக்கும்; விமானம் விற்க விற்க, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று திருப்பிக் கட்ட வேண்டும். விற்பனை படுத்துவிட்டால் மிச்சக் கடனை வசூலிக்க வழியில்லை. ஏ320 அமோகமாக விற்றது. ஏ380 தயாரிப்பு 251 விமானங்களோடு நின்றுபோனது. முதல் வகையில் அரசுக்கு லாபம், இரண்டாவதில் நட்டம்.

2. அமெரிக்க வழி: விண்வெளி நிறுவனமான நாசாவும் பாதுகாப்புத் துறையும் தரும் ஆராய்ச்சிப் பணம், மாநில அரசுகளின் வரிச் சலுகை. வாஷிங்டன் மாநிலம் 2003இல் விமானத் தொழிலுக்கான வணிக வரியைக் குறைத்து, பிறகு அந்தச் சலுகையை 2040 வரை நீட்டித்தது.

3. கனடா, பிரேசில் வழி: ஏற்றுமதிக் கடன், வட்டிச் சலுகை, நேரடி முதலீடு. 1990களின் பிற்பகுதியிலிருந்து பாம்பார்டியருக்காகக் கனடாவும் எம்பிரேயருக்காகப் பிரேசிலும் உலக வர்த்தக அமைப்பில் மாறி மாறி வழக்குப் போட்டன. இருவரும் ஜெயித்தார்கள், இருவரும் தோற்றார்கள். பதிலடி வரி போடும் உரிமை இருவருக்கும் கிடைத்தது. இருவருமே அதைப் பயன்படுத்தவில்லை.

இறக்குமதிச் சட்டம் கேட்கும் மூன்று கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு உள்ளூர் நிறுவனம் வெளிநாட்டுப் போட்டியாளர் மீது புகார் கொடுத்தால், விசாரணை இரண்டு அலுவலகங்களில் நடக்கும்.

முதல் இரண்டு கேள்விகள் வர்த்தகத் துறைக்கு. வெளிநாட்டு அரசு முறையற்ற மானியம் கொடுத்ததா? கொடுத்திருந்தால் அதற்கு ஈடாக ‘மானிய எதிர்ப்பு வரி’. அடக்க விலைக்கோ சொந்த நாட்டு விலைக்கோ கீழே இங்கே விற்கிறார்களா? ஆம் என்றால் ‘பொருள் குவிப்புத் தடுப்பு வரி’. மூன்றாவது கேள்வி, தனி அமைப்பான பன்னாட்டு வணிக ஆணையத்துக்கு: இதனால் உள்ளூர்த் தொழிலுக்குக் கணிசமான பாதிப்பு ஏற்பட்டதா, அல்லது ஏற்படும் அபாயம் உடனடியாக இருக்கிறதா?

முதல் இரண்டில் எவ்வளவு பெரிய சதவீதம் வந்தாலும், மூன்றாவதில் ‘இல்லை’ என்று விடை வந்தால் வரி கிடையாது. பத்திரிகைத் தலைப்புகளில் வந்தது சதவீதம் மட்டும். வழக்கின் உயிர் இருந்ததோ மூன்றாவது கேள்வியில்.

சி சீரிஸ்: நல்ல விமானம், காலியான கஜானா

சுமார் 100 முதல் 150 இருக்கை கொண்ட விமானங்களில் ஒரு இடைவெளி இருப்பதாக பாம்பார்டியர் கணக்குப் போட்டது. போயிங் 737, ஏர்பஸ் ஏ320 குடும்பங்களின் குட்டி வடிவங்கள் அந்த அளவுக்கு இருந்தாலும் அவை பெரிய விமானத்தை வெட்டிச் சுருக்கியவை. சுமக்கும் ஆட்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் விமானத்தின் எடை அதிகம். பிறப்பிலேயே அந்த அளவுக்கென்று வடிவமைத்த விமானத்தை, பிராட் அண்டு விட்னியின் புதிய வகை எஞ்சினோடு கொண்டுவந்தால் எரிபொருள் மிச்சமாகும் என்பது திட்டம். 2008இல் அறிவித்தார்கள். முதல் பறத்தல் 2013 செப்டம்பரில். சுவிஸ் நிறுவனத்தில் பயணிகள் சேவை 2016 ஜூலையில். இறக்கைகள் வட அயர்லாந்தின் பெல்பாஸ்டில் தயாராகின.

விமானம் சொன்னபடி பறந்தது. கணக்குதான் பறக்கவில்லை. உருவாக்கச் செலவு 500 கோடி டாலரைக் கடந்தது. 2015இல் பாம்பார்டியர் திட்டத்தை ஏர்பஸ்ஸிடம் பேரம் பேசியது. அக்டோபரில் ஏர்பஸ் பேச்சை முறித்துக்கொண்டது. அதே மாதம் பாம்பார்டியர் சி சீரிஸ் கணக்கில் 320 கோடி டாலரை நட்டமாக எழுதியது. கியூபெக் மாகாண அரசு 100 கோடி டாலர் போட்டு 49.5 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. தனியார் எவரும் அந்த நேரத்தில் அந்த விலைக்கு அந்தப் பங்கை வாங்கியிருப்பார்கள் என்று நம்புவது கடினம். மானியம் என்று போயிங் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

பிறகு 2016 ஏப்ரலில் வந்தது அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸின் ஆர்டர்: 75 விமானம் உறுதியாக, இன்னும் 50 விருப்பத் தெரிவாக. பட்டியல் விலையில் 75 விமானமும் 560 கோடி டாலர், அதாவது ஒன்று ஏறக்குறைய 7.5 கோடி. போயிங் தன் புகாரில் சொன்ன கணக்கு வேறு: கட்ட 3 கோடியே 32 லட்சம் டாலர் ஆகும் விமானத்தை 1 கோடியே 96 லட்சத்துக்கு விற்றார்கள் என்றது. பாம்பார்டியர் அந்த எண்ணை மறுத்தது. ஆனால் டெல்டா, ஏர் கனடா, ஏர் பால்டிக் ஆர்டர்களுக்காகச் சுமார் 50 கோடி டாலர் நட்டத்தை பாம்பார்டியரே தன் கணக்கில் ஒதுக்கியிருந்தது. நட்டத்துக்கு விற்றார்கள் என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு நட்டம் என்பதில்தான் சண்டை.

டெல்டாவுக்குச் சில மாதம் முன்பு யுனைடெட் நிறுவனத்திடமும் சி சீரிஸ் முட்டிப் பார்த்தது. அங்கே போயிங் பெருந்தள்ளுபடி கொடுத்து 737-700 ஆர்டரைப் பிடித்ததாகத் தொழில் வட்டாரத்தில் பேச்சு. அடிமாட்டு விலைப் புகாரை எழுதிய கை அவ்வளவு சுத்தமில்லை என்று பாம்பார்டியர் தரப்பு இதைத்தான் சுட்டிக்காட்டியது.

போயிங்கை உறுத்தியது ஒரு பழைய கதை. 1970களில் ஏ300 என்ற ஒற்றை விமானத்தோடு வந்த ஏர்பஸ்ஸை அமெரிக்க நிறுவனங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கால் நூற்றாண்டில் லாக்ஹீட் பயணிகள் விமானத் தொழிலை விட்டே வெளியேறியது. மெக்டொனல் டக்ளஸ் 1997இல் போயிங்கோடு இணைந்தது. இன்று 110 இருக்கை விமானம், நாளை அதையே நீட்டி 160 இருக்கை. முளையிலேயே கிள்ள வேண்டும் என்று முடிவு செய்து, 2017 ஏப்ரல் 27 அன்று போயிங் புகாரைத் தாக்கல் செய்தது.

292 எங்கிருந்து வந்தது?

முதற்கட்ட அறிவிப்பில் மானிய எதிர்ப்பு வரி 219.63 சதவீதம். டிசம்பர் இறுதி முடிவில் அது 212.39, பொருள் குவிப்புத் தடுப்பு வரி 79.82. இரண்டும் சேர்ந்து 292.21. போயிங்கே கேட்டது இரண்டுக்கும் தலா 80 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான்.

மானிய வரி இப்படி வீங்கியதற்குக் கணக்கிடும் முறை ஒரு காரணம். மானியத்தின் மதிப்பை விற்பனை மதிப்பால் வகுக்கிறார்கள். ஆண்டுக்குப் பல லட்சம் டன் விற்கும் இரும்புத் தகட்டுக்கு இந்த வகுத்தல் பொருந்தும். 2016இல் மொத்தமே 7 சி சீரிஸ்தான் ஒப்படைக்கப்பட்டன. பெரிய மானியத்தைச் சிறிய விற்பனையால் வகுத்தால் விடை எகிறத்தான் செய்யும்.

79.82 வந்த வழி இன்னும் விசித்திரம். இன்னும் ஒப்படைக்காத விமானங்களுக்கான செலவு விவரத்தை பாம்பார்டியர் தரவில்லை. கேட்ட விவரத்தைத் தராதவருக்குப் பாதகமான தகவலை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வர்த்தகத் துறை எடுத்துக்கொண்டது போயிங்கின் புகாரில் இருந்த அதே எண்ணை.

புகாரின் வரையறையையும் கவனிக்க வேண்டும்: 100 முதல் 150 இருக்கை, குறைந்தது 2,900 கடல் மைல் பறக்கும் திறன். தூரத்தைச் சேர்த்ததும் எம்பிரேயரின் விமானங்கள் வலைக்கு வெளியே போய்விட்டன. வலையில் மிஞ்சியது சி சீரிஸும் போயிங்கின் குட்டி 737களும்.

நான்குக்குப் பூஜ்யம்

2018 ஜனவரி 26. பன்னாட்டு வணிக ஆணையத்தின் நான்கு உறுப்பினர்களும் ஒருமனதாக ‘பாதிப்பு இல்லை’ என்று வாக்களித்தார்கள். போயிங் தரப்பே இதை எதிர்பார்த்திருக்காது. அமெரிக்க நிறுவனத்துக்கே சாதகமாகும் என்றுதான் பரவலாகக் கணித்திருந்தார்கள்.

வழக்கை உடைத்தது டெல்டாவின் சாட்சியம். அந்த ஆர்டருக்கு போயிங் புதிய 737 எதையும் தரவே முன்வரவில்லை. பழைய விமானங்களைத்தான் காட்டியது. களத்திலேயே இறங்காதவர் பந்தயத்தில் தோற்றேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? அது போக, இறக்குமதியே இன்னும் நடக்காததால் ‘உடனடி அபாயம்’ என்று காட்ட வேண்டிய சுமையும் போயிங் தலையில் விழுந்தது. வர்த்தகத் துறையின் சதவீதங்கள் இந்தக் கேள்வியின் முன் எதற்கும் உதவவில்லை.

அதற்குள் மைதானமே மாறிவிட்டது

தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்பே, 2017 அக்டோபர் 16 அன்று, ஏர்பஸ் 50.01 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். பணம் எதுவும் தரவில்லை; தன் விற்பனை வலைப்பின்னலையும் கொள்முதல் பலத்தையும் தருவதாகச் சொன்னது. இரண்டு ஆண்டு முன்பு பேரம் பேசி விலகிய அதே விமானம். அலபாமாவின் மொபைல் நகரில் ஏற்கெனவே ஏ320 பொருத்திக்கொண்டிருந்த ஏர்பஸ், டெல்டாவின் விமானங்களை அங்கேயே பொருத்தும் என்றும் அறிவித்தது. உள்ளூரில் பொருத்திய விமானத்துக்கு இறக்குமதி வரி எப்படி? அந்தக் கேள்விக்கு விடை தேட அவசியமே வரவில்லை.

பின்விளைவுகள் பல திசையில் ஓடின.

1. சி சீரிஸ் 2018 ஜூலையில் ஏ220 ஆனது. பெயர் சூட்டிய அன்றே ஜெட்புளூ நிறுவனம் 60 விமானத்துக்கு ஒப்புக்கொண்டது. பாம்பார்டியரை நம்பத் தயங்கியவர்கள் ஏர்பஸ் பெயரைப் பார்த்ததும் வந்தார்கள். ஆர்டர்கள் பிறகு 900ஐத் தாண்டின. ஆனாலும் உற்பத்திச் செலவு குறையாததால் ஏர்பஸ் இதில் நெடுநாள் லாபம் பார்க்கவில்லை.

2. பாம்பார்டியர் 2020 பிப்ரவரியில் திட்டத்திலிருந்து முழுவதும் விலகியது. அதே ஆண்டு தன் சிறு ஜெட் பிரிவையும் மிட்சுபிஷிக்கு விற்று, பயணிகள் விமானத் தொழிலை விட்டே வெளியேறியது. மானியம் கொடுத்த கியூபெக் அரசு 25 சதவீதப் பங்கோடு ஏர்பஸ்ஸின் கூட்டாளியாக எஞ்சியது.

3. கனடா அரசு போயிங்கிடம் 18 சூப்பர் ஹார்னெட் போர் விமானம் வாங்கும் திட்டத்தைக் கைவிட்டு, ஆஸ்திரேலியாவிடம் பழைய விமானங்களை வாங்கியது.

4. போயிங் தன் பங்குக்கு எம்பிரேயரின் பயணிகள் விமானப் பிரிவில் 80 சதவீதத்தை 420 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டு, 2020 ஏப்ரலில் முறித்துக்கொண்டது. அதற்காக 15 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2024இல் முடிவானது. போட்டியில் நிறுத்தியிருக்க வேண்டிய 737 மேக்ஸ் 7 விமானத்துக்கோ 2025 முழுவதும் சான்றிதழே வரவில்லை.

பெல்பாஸ்டின் இறக்கைத் தொழிலாளர்களைப் பற்றிப் பிரிட்டனின் அப்போதைய பிரதமர் தெரசா மே அதிபர் ட்ரம்ப்பிடமே பேச வேண்டியிருந்தது. கனடாவின் விமானம், அமெரிக்காவின் எஞ்சின், வட அயர்லாந்தின் இறக்கை: ஒரு நாட்டின் மீது போட்ட வரி எந்த ஊரில் வேலையைப் பறிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பெரியவர்களின் 17 ஆண்டு வழக்கு

இதற்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த போயிங்–ஏர்பஸ் வழக்கை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். 1992இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஓர் ஒப்பந்தம் போட்டன: நேரடி அரசு உதவி உருவாக்கச் செலவில் 33 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மறைமுக உதவிக்கும் உச்சவரம்பு உண்டு. 2004 அக்டோபரில் அமெரிக்கா அதிலிருந்து வெளியேறி உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. ஐரோப்பாவும் எதிர்வழக்குப் போட்டது. இரண்டு தரப்பும் முறையற்ற மானியம் கொடுத்தது உண்மை என்று இரண்டு வழக்கிலும் தீர்ப்பு வந்தது.

2019 அக்டோபரில் ஆண்டுக்கு 750 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருட்கள் மீது பதிலடி வரி போட அமெரிக்காவுக்கும், அடுத்த ஆண்டு 399 கோடி டாலர் அளவுக்கு ஐரோப்பாவுக்கும் அனுமதி கிடைத்தது. விமானங்கள் மீது விழுந்த வரி முதலில் 10, பிறகு 15 சதவீதம். 25 சதவீத அடி வாங்கியவர்கள் பிரெஞ்சு ஒயின், ஸ்காட்லாந்து விஸ்கி, சீஸ், டிராக்டர் தயாரிப்பாளர்கள். விமானத்துக்கும் இவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பதிலடி வரியின் நோக்கமே எதிர்த்தரப்பு அரசியல்வாதிக்கு வலிக்க வேண்டும் என்பதுதான். தவறு செய்தவருக்கு வலிக்க வேண்டும் என்பதல்ல. வாஷிங்டன் மாநிலம் 2020இல் தன் வரிச் சலுகையை ரத்து செய்தது. ஏ350 கடன்களின் நிபந்தனைகளை ஏர்பஸ் திருத்தியது. 2021 ஜூனில் இரு தரப்பும் வரிகளை ஐந்து ஆண்டுக்கு நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டன. சீனாவை மனதில் வைத்து, சந்தை விதிகளுக்குப் புறம்பான பிற நாடுகளின் நடைமுறைகளைச் சேர்ந்து எதிர்கொள்வது என்ற வாசகமும் அந்த உடன்படிக்கையில் இடம்பெற்றது. சீனாவின் கோமாக் நிறுவனம் தயாரித்த சி919 அடுத்த இரண்டு ஆண்டில் பயணிகள் சேவைக்கு வந்தது. அதன் எஞ்சின் அமெரிக்க–பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பு.

2025: வரி யாரைத் தொட்டது, யாரை விட்டது?

2025 ஏப்ரலில் அமெரிக்கா எல்லா இறக்குமதிக்கும் விதித்த 10 சதவீதம் விமானங்களுக்கும் பொருந்தியது. டெல்டா இம்முறையும் வரி கட்ட மறுத்தது. பிரான்சின் துலூசில் தயாரான ஓர் ஏ350ஐ அமெரிக்காவுக்குக் கொண்டுவராமல் டோக்கியோவுக்கு ஓட்டிச் சென்று பன்னாட்டுச் சேவையில் சேர்த்தது. அப்படிச் சேர்ந்த விமானம் பிறகு பயணிகளோடு அமெரிக்காவில் இறங்கினால் அது புதிய சரக்காக இறக்குமதி ஆனதாகக் கொள்ளப்படுவதில்லை. சீனாவோ தன் நிறுவனங்கள் போயிங் விமானங்களைப் பெற வேண்டாம் என்று நிறுத்தியது. ஷியாமென் ஏர்லைன்ஸின் நிறத்தில் வண்ணமடித்த ஒரு 737 மேக்ஸ் சியாட்டிலுக்கே திரும்பி வந்தது. மே மாதம் அந்தத் தடை விலகியது. பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றோடு அந்த ஆண்டு எட்டிய உடன்பாடுகளில் விமானத் துறைக்கு விலக்குக் கிடைத்தது.

பிரேசிலின் விஷயம் இவற்றிலெல்லாம் தெளிவானது. ஜூலையில் பிரேசில் பொருட்களுக்கு மொத்தம் 50 சதவீத வரி என்று அறிவித்த வெள்ளை மாளிகை, பயணிகள் விமானங்களை மட்டும் கூடுதல் வரியிலிருந்து விலக்கியது. எம்பிரேயருக்கு 10 சதவீதமே நின்றது. அரசியல் கோபம் அத்தனை இருந்தும் ஏன் இந்தச் சலுகை? அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களுக்காகச் சிற்றூர்களுக்குப் பறக்கும் துணை நிறுவனங்கள், விமானிகள் சங்கங்களோடு செய்த ஒப்பந்தப்படி 76 இருக்கைக்கும் 86,000 பவுண்டு எடைக்கும் மேற்பட்ட விமானத்தை ஓட்ட முடியாது. அந்த வரம்புக்குள் இன்று புதிதாக வாங்கக் கிடைக்கும் ஜெட் விமானம் எம்பிரேயரின் இ175 ஒன்றே. மற்ற தயாரிப்பாளர் யார் என்று தேடினால், அந்தச் சந்தையில் இருந்தவர் பாம்பார்டியர். 2020இல் கடையை மூடிவிட்டார்.